ஆட்லிங் வீட்டில் இருப்பவர்

அந்தத் தாளில் தாத்தாவின் பெயர் இருந்திருக்கக் கூடாது.

ரேவின் கண்ணாடியைக் கழற்றி, கம்பளிச் சட்டையின் ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பெயர் அங்கேயேதான் இருந்தது. ஆம்புரோஸ் ஆட்லிங். மகன். வயது இருபத்தொன்பது. மணமாகாதவர். தொழில் என்ற கட்டத்தில் வெறும் கோடு. 1921 ஜூன் மாதம் மக்கள்தொகைக் கணக்கு எடுத்த அன்று, இங்கிலாந்தின் ஆல்டர்பி கிராமத்தில் கடலோரக் கரைமேட்டை ஒட்டிய ஆட்லிங் வீட்டில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். விதவைத் தாய், மகள் ஈடித், மகன் ஆம்புரோஸ்.

அதே ஜூன் மாதம் ஆம்புரோஸ் ஆட்லிங் உலகத்தின் மறுகோடியில், நியூசிலாந்தின் டிமாரு துறைமுகத்தில், ஒரு கம்பளிக் கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். 1912இல் கப்பலேறியவர். அங்கேயே கல்யாணம் செய்து, அந்த வருஷம் ஏப்ரலில் ரேவினின் அப்பாவைப் பெற்றிருந்தார். கைக்குழந்தையோடு தேவாலய வாசலில் அவர் நிற்கும் படம் ரேவினின் வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது.

ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு உதவியாக இருந்த கிரகாம் இதைக் கேட்டு அலட்டிக்கொள்ளவில்லை. மெலிந்த, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிற மனிதர். அந்தத் தாளை வீட்டுக்காரர்களே நிரப்பிக் கொடுத்த காலம் அது, பெற்றவள் மனசு கேட்டிருக்காது, போன பிள்ளையையும் சேர்த்து எழுதியிருப்பாள், செத்த குழந்தையை எழுதிய தாயைக்கூட அவர் பார்த்திருக்கிறார் என்றார். ரேவினுக்கு அது சரியாகப் பட்டது.

ஆனால் 1939இல் எடுத்த பதிவிலும் அவர் இருந்தார். அப்போது தாய் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. யுத்தத்துக்குப் பிந்தைய வாக்காளர் பட்டியல்களிலும் இருந்தார். கிரகாம் இறப்புப் பதிவைத் தேடினார். அந்த மாவட்டத்தில் தேடினார், பக்கத்து மாவட்டத்தில் தேடினார், பெயரின் எழுத்தை மாற்றி மாற்றித் தேடினார். மூக்கு உறிஞ்சும் சத்தம் நின்றுபோனது.

"ஒன்னு, எங்க ஆளுங்க சாவைப் பதியாம தூங்கியிருக்கணும்," என்றார் கடைசியில். "இல்லன்னா உங்க தாத்தாவுக்கு இப்ப நூத்தி முப்பது வயசு."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தாத்தா செத்தபோது அவளுக்குப் பதினாறு வயது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர், ஆனால் எதிலும் ஒட்டாதவர். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை, உப்பு அதிகம் என்றும் சொன்னதில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் கை சில்லென்றிருக்கும். இங்கிலாந்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டால் எல்லாரும் போய்விட்டார்கள் என்பார். கடைசி நாட்களில் மட்டும், நினைவு தப்பியபோது, ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "அவன் எந்திரிச்சிட்டானா?" யார் என்று கேட்டாலும் அதையேதான் கேட்பார்.

இவ்வளவு தூரம் ரேவின் வந்ததற்குக் காரணம் தாத்தா மட்டும் இல்லை. தம்பி காலின் போன குளிர்காலத்தில் இறந்துபோனான். பிள்ளை குட்டி யாருக்கும் இல்லை. போன மாதம் கண் ஆப்பரேஷனுக்குப் போனபோது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்ட பெண்ணிடம் சொல்ல அவளிடம் ஒரு பெயர் இல்லை. ஆயுள் முழுக்க நர்ஸாக ஆஸ்பத்திரி வார்டுகளில் அதே கேள்வியை மற்றவர்களிடம் கேட்டவள்தான். பதில் இல்லாதவர்கள் எப்படித் தலையைக் குனிந்துகொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் குனிந்துகொண்டாள்.

அதனால், ஈடித்தின் பேத்தி தெல்மா என்று ஒருத்தி இன்னமும் அந்த ஆட்லிங் வீட்டிலேயே இருக்கிறாள் என்று கிரகாம் டெலிபோன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதும், ரேவின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே போன் செய்தாள். மறுமுனையில் கரகரத்த, குஷியான குரல். யார் என்று சொல்லி முடிப்பதற்குள் தெல்மாவே ஆம்புரோஸ் பேத்தியா என்று கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீக்கு வரச் சொன்னாள், வழி சொன்னாள், உலர்திராட்சை ரொட்டி பிடிக்குமா என்று கேட்டாள்.

"வாங்க, வாங்க. அவருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

தெல்மாவின் புருஷனாக இருக்கும் என்று ரேவின் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. வாடகைக் காரை எடுத்துக்கொண்டு அவள் கிழக்கே போகப் போக நிலம் தட்டையாகிக்கொண்டே வந்தது, மரங்கள் குறைந்தன, அறுத்துப் போட்ட முட்டைக்கோஸ் வயல்களின் அழுகல் நாற்றம் கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளே வந்தது. கடலுக்கு இரண்டு மைல் இருக்கும்போது மூடுபனி எதிரே வந்தது. சுவர் மாதிரி, ரோட்டுக்குக் குறுக்கே, சத்தமில்லாமல் வந்து காரைப் போர்த்தியது. எங்கோ மேலே வாத்துக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு போனது. எந்தப் பக்கம் போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கமும் வாய்க்கால், நடுவே கார் ஒன்று மட்டும் போகக்கூடிய பாதை. அந்தப் பாதையின் கடைசியில், கடலை மறைத்து எழுப்பிய மண்மேட்டின் அடியில், மேட்டைவிடத் தாழ்ந்து குந்தியிருந்தது வீடு. செங்கல் வீடு. மாடியில் இரண்டு ஜன்னல். ஒன்றில் திரை போட்டிருந்தது.

கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது.

தெல்மா குள்ளம், எண்பதை நெருங்கும் வயது, ஆனால் பாரம் தூக்கிப் பழகிய தோள். வாசலிலேயே ரேவினைக் கட்டிக்கொண்டாள். சும்மா மரியாதைக்கு இல்லை, எலும்பு நெரிகிற மாதிரி. யாராவது தன்னைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பது அந்த நிமிஷம்தான் ரேவினுக்கு உறைத்தது. அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"அட, மூக்கப் பாரேன்," என்றாள் தெல்மா. "அப்படியே எங்க பாட்டி மூக்கு. இத வச்சிக்கிட்டா கப்பல் ஏறிப் போனீங்க? இந்த மூக்கு கஸ்டம்ஸ்ல மாட்டியிருக்கணுமே."

வீட்டுக்குள் தாங்க முடியாத வெக்கை. எல்லா ஹீட்டரும் உச்சத்தில் ஓடின, போதாததற்குச் சமையலறை அடுப்பில் நிலக்கரி வேறு கனன்றது. ரேவினின் கோட்டையும் கைப்பையையும் தெல்மா வாங்கி நடைவழி ஆணியில் மாட்டினாள். வேகவைத்த பன்றி இறைச்சி வாசனை, வெண்ணெய் வாசனை, சோப்பு வாசனை. அவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று, கடல் உள்வாங்கின பிறகு கரையில் மிஞ்சுகிற சேற்றின் வாசனை, லேசாக, ஈரமாக. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வெளியிலிருந்து வருகிற வாசனை இல்லை அது.

தெல்மா ஓயாமல் பேசினாள், ஓயாமல் கிண்டலடித்தாள். நியூசிலாந்தில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகமாமே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டமோ என்றாள். ரேவின் தன் புருஷனைப் பிரிந்த கதையைச் சொன்னதும், அதற்கு ஆட்டையே கட்டியிருக்கலாம் என்றாள். ரேவின் வயிறு குலுங்கச் சிரித்தாள். காலின் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சொந்தம் என்றால் இதுதான், முன்பின் பார்க்காதவள் மடியில் தலை வைத்துவிடலாம்போல இருப்பதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

பாட்டி ஈடித் இங்கேயே இருந்தாளாம். அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை வீட்டோடு வந்து இருந்தாராம். அப்புறம் அம்மா. அப்புறம் தெல்மா. தெல்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"எங்க வீட்ல யாரும் எங்கயும் போனதில்ல, கண்ணு," என்றாள் தெல்மா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

மேஜையில் மூன்று கோப்பைகள் இருந்தன.

புருஷன் இல்லை என்றால் அந்த 'அவர்' யார் என்று கேட்க ரேவின் வாயெடுத்தாள். அதற்குள் தெல்மா மூன்றாவது கோப்பையில் பாலும் டீயும் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கூழாக மசித்து, ஸ்பூனோடு எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மரப்படிகள் ஒவ்வொன்றாக முனகின. தலைக்கு மேலே கதவு திறக்கும் சத்தம். தெல்மாவின் முணுமுணுப்பு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. கோப்பையில் ஸ்பூன் தட்டும் சத்தம். அப்புறம் விழுங்கும் சத்தம், ஒரு மாடி உயரத்திலிருந்து, மரத்தளத்தைத் தாண்டி, தெளிவாக. அவ்வளவு தெளிவாகக் கேட்கக் கூடாத சத்தம்.

தெல்மா காலிக் கோப்பையோடு இறங்கி வந்தாள்.

"யாரு மேல?" என்று கேட்டாள் ரேவின்.

"ஆம்புரோஸ்தான்."

அதே பெயரை வைத்த தெல்மாவின் சகோதரன், இல்லை மாமன் யாராவது என்று ரேவின் எண்ணினாள். அப்படித்தானே, பெயர்கள் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும், கிரகாமைக் குழப்பியதும் அதுவாகத்தான் இருக்கும். அதைக் கேட்டாள். தெல்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஒரே ஆம்புரோஸ்தான் என்றாள்.

ரேவின் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தாத்தா 1912இல் கப்பலேறியதை, 1971 ஆகஸ்டில் டிமாருவில் இறந்ததை, தான் பக்கத்தில் இருந்ததை. தெல்மா எதையும் மறுக்கவில்லை. தெரிந்த விஷயத்தைக் கேட்பவள்போலத் தலையசைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க ஆளு போனாரு. யாரு இல்லன்னா?" என்றாள். "விடியறதுக்கு முன்ன வண்டில ஏறிப் போனாரு. அவங்கம்மா வாசல்ல நின்னு, வண்டிச் சத்தம் ஓயற வரைக்கும் பாத்துட்டு, சரி, படுக்கை விரிப்ப எடுத்துத் துவைச்சிடலாம்னு மாடிக்குப் போயிருக்காங்க. படுக்கைல படுத்திருந்தாரு."

அடுப்பில் ஒரு கரி சரிந்தது.

"யாரு?"

"ஆம்புரோஸ்தான், கண்ணு. நல்லா போர்த்திக்கிட்டு, சுவத்தப் பாத்து. பெத்தவ என்ன செய்வா? புள்ள போகலையேன்னு சந்தோஷம். ஒரு வார்த்த கேக்கல. டீ போட்டுக் குடுத்தாங்க. குடிச்சாரு."

தெல்மா இதை மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். முன்பெல்லாம் கீழே இறங்கி வந்து இந்த மேஜையில்தான் உட்காருவார், குணமானவர், ஒரு தொந்தரவு கிடையாது, தெல்மாவைச் சின்ன வயதில் மடியில்கூட வைத்திருந்திருக்கிறார். 1971 கோடைக்கு அப்புறம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டார். படி இறங்குவது நின்றது. பேச்சு நின்றது. கண்ணைச் சிமிட்டுவதும் நின்றது. சாப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டாள், அப்புறம் தெல்மா. இப்போது தெல்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. இன்னொரு கை வேண்டும்.

"யாராச்சும் வரணுமேன்னு வேண்டிட்டே இருந்தேன்," என்றாள். "நீங்க போன் பண்ணீங்க."

ரேவினுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். இது அவளுக்குப் பழக்கமான நிலவரம். தனியாக வாழும் வயசாளி, புத்தி தடுமாற்றம், வெளியாட்கள் எட்டிப் பார்க்காத வீடு, உள்ளே யாருக்கும் தெரியாமல் ஒரு படுக்கை நோயாளி. அப்படி எத்தனையோ பேரை ஆம்புலன்ஸ் கொண்டுவந்து அவள் வார்டில் போட்டிருக்கிறது, முதுகெல்லாம் புண்ணாக. மேலே இருப்பது யாராக இருந்தாலும் ஓர் உயிர். பார்க்காமல் போக முடியாது. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டபோது தெல்மாவின் முகம் குழந்தை முகம்போல மலர்ந்தது.

"போங்க, போங்க. நான் இந்தப் பாத்திரத்தக் கழுவிட்டு வர்றேன்."

படி குறுகல். கைப்பிடி ஈரமாக இருந்தது. ஏற ஏற வெக்கை குறைவதற்குப் பதிலாகக் குளிர் வந்தது, கீழே அத்தனை ஹீட்டர் எரியும் வீட்டில், கணுக்காலிலிருந்து மேலே ஏறுகிற குளிர். சேற்று வாசனை இப்போது லேசாக இல்லை. மாடி நடையில் இரண்டு கதவு. ஒன்று திறந்திருந்தது, உள்ளே தெல்மாவின் கட்டில், சுத்தமாக விரித்த போர்வை. இன்னொன்று ஒருக்களித்திருந்தது.

தள்ளினாள்.

திரைக்குப் பின்னால் மூடுபனியின் சாம்பல் வெளிச்சம். இரும்புக் கட்டில். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஓர் ஆள். போர்வைக்கு மேலே தெரிந்தது பின்னந்தலை. நரை இல்லை. ஒரு முடிகூட நரைக்காத, அடர்ந்த, பழுப்புத் தலை.

அப்படியானால் இளையவர்தான். தாத்தா இல்லை, யாரோ வேறு ஆள். அவளுக்கு மூச்சு வந்தது. கிட்டே போய், மெல்ல, வார்டில் பேசும் குரலில், தன் பெயரைச் சொன்னாள். நாடி பார்க்கலாமா என்று கேட்டாள். போர்வைக்கு வெளியே கிடந்த கையை எடுத்தாள். படுக்கைப் புண் நாற்றம் இல்லை. மூத்திர நாற்றம் இல்லை. தோல் வழவழப்பாக இருந்தது. ரேகையே இல்லாத உள்ளங்கை. மணிக்கட்டில் விரல் வைத்தாள்.

ஒன்றும் துடிக்கவில்லை.

விரலை நகர்த்தினாள். அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். விரல் உள்ளே இறங்கியது. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை, இறுகிய சேறு மாதிரி ஏதோ அழுந்திக் கொடுத்தது.

கை அவள் கையைப் பற்றியது.

பலமாக இல்லை. மெதுவாக. தூக்கத்தில் குழந்தை விரலைப் பிடிக்குமே, அப்படி. தலை திரும்பியது. உடம்பு அசையவில்லை, தலை மட்டும் திரும்பியது, திரும்பிக்கொண்டே வந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல்.

இருபது வயது முகம். அவள் பார்த்தறியாத வயதில் தாத்தாவின் முகம். யாரோ அன்போடு நினைவிலிருந்து பிசைந்து செய்த மாதிரி, எல்லாம் இருந்தது, எதுவும் ஆழமாக இல்லை. மூக்குத் துளைகள் வெறும் பள்ளங்கள். கண்கள் திறந்திருந்தன. மேலே தூசி படிந்திருந்தது. கண்மணிகள்மேலேயே தூசி.

வாய் திறந்தது. ஸ்பூனுக்காக.

ரேவின் கையை இழுத்தாள், வந்துவிட்டது, வழுக்கிக்கொண்டு. படியில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. சமையலறையைத் தாண்டும்போது தெல்மா கைகழுவும் தொட்டியருகே முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தடுக்கவில்லை. திரும்பக்கூட இல்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே ஏதோ ராகம் முனகினாள்.

வெளியே பனி. நாலு மணிகூட ஆகியிருக்காது, அதற்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கார் எங்கே? ஓடினாள். காலடியில் சரளை, அப்புறம் புல், அப்புறம் ஈரம். வாய்க்கால். பின்வாங்கினாள். கையை நீட்டித் துழாவிக்கொண்டே போய்க் காரின் கூரையைத் தொட்டாள். கதவு பூட்டியிருந்தது.

சாவி கோட்டில். கோட்டு ஆணியில்.

நின்றாள். மூச்சு வாங்கியது. வலது கையைப் பாவாடையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். நடந்து போய்விடலாமா என்று பார்த்தால் ரோடு இரண்டு மைல், இருபுறமும் தண்ணீர், ஓரடி தூரம் தெரியவில்லை. போன் கைப்பையில். கைப்பை அதே ஆணியில். வேறு வழி இல்லை. தெல்மா ஒரு கிழவி. நடைவழியில் கையை விட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். மேலே இருப்பது இறங்காது. தெல்மாவே சொன்னாள், இறங்கி ஐம்பது வருஷம் ஆகிறது.

வீட்டை நோக்கி நடந்தாள். மங்கலாகச் சமையலறை ஜன்னலின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள்.

வாசற்படியில் கால் எதிலோ இடித்தது.

அவளுடைய கோட்டு. நன்றாக நாலாக மடித்து, மேலே கைப்பையை வைத்து, கைப்பைமேல் சாவியை வைத்து, படியில் வைத்திருந்தது. ஊருக்குக் கிளம்புகிறவர்களின் சாமானை எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி.

கதவைத் தொட்டுப் பார்த்தாள். தாழ் போட்டிருந்தது.

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். சாவி கையில் இருந்தது. ஆனால் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. தெல்மாவின் கரகரப்பு. சிரிப்பு. அப்புறம் இன்னொரு சிரிப்பு. பெண் சிரிப்பு. வயிறு குலுங்க.

சுவரோரமாக நகர்ந்தாள். ஜன்னல். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஓரத்தில் ஒரு கை அகலம் தெளிவு.

பார்த்தாள்.

மேஜை. டீ. வெட்டிய ரொட்டி. தெல்மா உட்கார்ந்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எதிரே, ரேவின் உட்கார்ந்த அதே நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஒரு பெண். நீலக் கம்பளிச் சட்டை. குட்டையாக வெட்டிய நரைத்த முடி. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ரேவின் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். நீலம்.

தெல்மா நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவளைப் பார்த்தாள். ஆச்சரியம் இல்லை, கோபம் இல்லை. ரயில் நிலையத்தில் இன்னும் கிளம்பாத வண்டியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. மேஜைக்குக் குறுக்கே குனிந்து அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டி என்னவோ சொன்னாள்.

"தெல்மா," என்றாள் ரேவின். கண்ணாடியைத் தட்டினாள். "தெல்மா, நான்தான். நான் இங்க இருக்கேன்."

தெல்மா ரொட்டிக்குத் திரும்பினாள்.

அந்தப் பெண் எழுந்தாள். கோப்பையை மெல்ல வைத்தாள். நாற்காலியைச் சரியாகத் தள்ளிவைத்தாள். திரும்பினாள், ஜன்னலுக்கு வந்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தோடு முகம் நின்றாள்.

எல்லாம் இருந்தது. மூக்குக்கண்ணாடி இருந்தது. மூக்கு இருந்தது.

மூச்சு மட்டும் கண்ணாடியில் படியவில்லை.

ரேவினைப் பார்த்து, கண் சிமிட்டாமல், அன்பாகச் சிரித்தது. பிறகு உள்ளங்கையைத் தூக்கியது, ரேகையே இல்லாத வழவழப்பான உள்ளங்கை, ஊருக்குப் போகிறவளை வழியனுப்புவதுபோல, மெதுவாக, மிக மெதுவாக, கையை அசைத்தது.